பதினொரு நார்மல்

எட்டாவது வரியில் அவள் விரல் நின்றது.

ஹெட்போனில் டாக்டரின் குரல் ஒன்பதாவது வரிக்குப் போய்விட்டது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டாள்.

அதேதான். சிறுமூளை, வலப்பக்கம், இரண்டு சென்டிமீட்டரில் ஒரு கட்டி.

டாக்டர் மதுரையில் இருக்கிறார். படத்தைப் பார்த்துப் பேசி அனுப்புவார். தென்காசி ஸ்கேன் சென்டரில் இவள் அதைக் கேட்டு டைப் அடிப்பாள். கொம்பையா, ஆண், வயது 46. டாக்டருக்கு அது ஒரு பெயர். இவளுக்குப் புருஷன்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

தலை ஸ்கேன் ரிப்போர்ட்டில் பதினொரு வரி. பதினொன்றிலும் நார்மல் என்று முன்கூட்டியே அடித்து வைத்திருப்பார்கள். டாக்டர் வேறு மாதிரி சொல்கிற வரியில் மட்டும் அதை அழித்துவிட்டு, அவர் சொன்னதை அடிக்க வேண்டும். அழிக்க மறப்பதுதான் இந்த வேலையில் வருகிற தப்பு. போன வருஷம் பித்தப்பையையே ஆபரேஷனில் எடுத்துவிட்ட ஒருவருக்குப் பித்தப்பை நார்மல் என்று போய்விட்டது. எடுத்தது எப்போது திரும்பி வந்தது என்று அவர் கவுன்டரில் வந்து கேட்டார்.

நார்மல். நாள் முழுக்கக் கண்ணில் படுகிற வார்த்தை. அது எங்கே பிறந்தது என்று ஒரு மத்தியானம் கம்ப்யூட்டரில் தேடினாள்.

லத்தீனில் நார்மா. அர்த்தம், தச்சனுடைய மூலைமட்டம்.

மட்டத்துக்குச் சரியாக நிற்பது நார்மல்.

கொம்பையா தச்சு ஆசாரி. வீட்டில் சொன்னதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர்மாரெல்லாம் தன் மட்டத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடம் அளந்துவிட்டான். நார்மலின் ஆறு எழுத்தையும் இங்கிலீஷில் எழுதித் தரச் சொல்லி, சுவரில் பென்சிலால் பார்த்து எழுதினான். அவனுக்கு வாசிக்கத் தெரிந்த இங்கிலீஷ் அது ஒன்றுதான். நேராக வந்த கதவையெல்லாம் தட்டிக்கொடுத்து நார்மல் என்றான்.

மூன்று மாதமாகக் கதவு நேராக வரவில்லை.

மட்டம் கெட்டுப்போச்சு என்றான். பழையதை மூலையில் எறிந்தான். புதிதாக ஒன்று வாங்கினான். வந்த வாரமே அதையும் திட்டினான்.

காபி டம்ளரை எடுக்கப்போகிற அவன் கை குறி தவறிப் போவதை இவள் பார்த்தாள். இன்று காலையில் ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பதினொரு நார்மல் வந்துவிட்டால் நேரே பட்டறைக்குப் போகலாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தாள்.

இப்போது பயமாக இருந்தது.

அழிக்காமல் விட்டுவிட்டால்? மறந்துபோன வரி என்பார்கள். அவன் இன்றைக்கு ஒரு நாள் சிரித்துக்கொண்டிருப்பான்.

அழித்தாள்.

டாக்டர் சொன்னதை அப்படியே அடித்தாள்.

ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மரச்சட்டங்களை எண்ணுகிற மாதிரி, ஒவ்வொரு நார்மலுக்கும் பக்கத்தில் ஒரு கோடு போட்டான். கோடுகள் கோணின.

கடைசி வரை போய்விட்டு, மறுபடி மேலிருந்து வந்தான்.

"ஏளா, பத்துதான் வருது."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டாவது வரியில் விரலை வைத்து, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். கையை நேராக நடத்துகிற இடம் அதுதான் என்றும் சொன்னாள்.

எவ்வளவு பெரிசு என்று கேட்டான். இரண்டு சென்டிமீட்டர் என்றாள்.

அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்த அளவுக்கு விரித்துப் பார்த்தான். நடுக்கத்திலும் அளவு சரியாக இருந்தது.

பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டான்.

"அப்பம் மட்டத்து மேல தப்பில்ல," என்றான்.