உப்பில்லாத மூணு மாசம்

“இந்தாள நீங்களே கேளுங்க டாக்டர். நேத்து இன்னா துன்னாருன்னு கேளுங்க,” என்றாள் வரலட்சுமி, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

ராயபுரத்தின் அந்தச் சின்ன கிளினிக்கில் டாக்டர் யசோதரா நிமிர்ந்து பார்த்தார். வரலட்சுமிக்குப் பின்னால் அவள் கணவன் சுயம்பு, உள்ளே வருவதா வெளியிலேயே நிற்பதா என்று யோசிப்பவனைப் போல நின்றிருந்தான். காசிமேட்டில் படகு இன்ஜின் ரிப்பேர் செய்பவன்.

“என்ன சாப்பிட்டீங்க சுயம்பு?”

“ஒரு துண்டு கருவாடு.”

“ஒரு துண்டா? பாய் கடையில ஒரு தட்டு. நான் கண்ணால பாத்தேன். என்னப் பாத்ததும் தட்டத் தோஸ்து பக்கம் தள்ளிட்டு, சும்மா பேசிக்கினு கீறேன்றாரு. வாயெல்லாம் மொளகா.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மூன்று மாதமாக அந்த வீட்டுச் சமையலில் உப்பு இல்லை. தலைவலி என்று வரலட்சுமி முதன்முதலாக இங்கே வந்த அன்று, துணைக்கு வந்த சுயம்புவின் கையிலும் டாக்டர் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு அவனை மட்டும் நிறுத்திப் பேசினார். வெளியே வந்தவன், “எனக்குப் பிரஷராம். ரொம்ப ஏறிக்கீதாம்,” என்றான். அவனுக்கு ஒரு மாத்திரை, மீன் கூடை சுமக்கிற உடம்பாயிற்றே என்று அவளுக்கும் ஒரு சத்து மாத்திரை.

அன்றைக்கே உப்பு ஜாடி பரணுக்குப் போனது. தனக்கென்று தனியாக ஒரு குழம்பு வைக்கும் பழக்கம் வரலட்சுமிக்கு இல்லை. அவன் சாப்பிட்டு மிஞ்சியதுதான் அவளுக்கு. காலையில் அவனைத் தனியாக நடக்கவிடக் கூடாது, எங்கேயாவது மயங்கி விழுந்துவிடுவான் என்று டாக்டர் சொன்னதால், மீன் ஏலத்துக்குப் போவதையும் நிறுத்தி, கூடையை நாத்தனாரிடம் கொடுத்தாள். இருபது வருடமாக அவள் குரலைக் கேட்டாலே அந்த ஏலத்தில் மற்றவர்கள் விலை ஏற்றத் தயங்குவார்கள். இப்போது அதே நேரத்தில் புருஷனோடு கடற்கரைச் சாலையில் கை வீசி நடக்கிறாள்.

“வெக்கமா கீது டாக்டர். கண்ணாலம் ஆன புதுசுலகூட இப்டிச் சேந்து நடந்ததில்ல. ‘இன்னாக்கா, ஜோடியா எங்க கெளம்பிட்ட’ன்னு மீன்காரிங்க நக்கல் பண்றாளுங்க.”

“நடக்கிறது நல்லதுதானே?”

“இன்னா நல்லது? ஏலத்துல என் எடத்துல நாத்தனார் குந்திக்கினு கீறா. இன்னும் ஒரு மாசம் போனா அது அவ எடம்தான். இந்தாளுக்கு எறங்கிட்ச்சுன்னு சொல்லுங்க, நாளைக்கே போயிடறேன். எறங்கலன்னா...” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எடம் போனா போவட்டும். ஆளு இருக்கணுமில்ல.”

சுயம்பு சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தான்.

“பாருங்க, இதுக்காவது ஒரு வார்த்த வருதா? போன வாரம் மகளிர் குழுவுல ஒரு மேடம் வந்து பேசிச்சு. அடுத்தவங்க மனசு புரிஞ்சி நடந்துக்கிறவங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் வராதாம். புரியாத ஆளுங்களுக்குத்தான் பிரஷரு, சுகரு எல்லாமாம். எனக்கு அப்பவே வெளங்கிட்ச்சு. இன்ஜினு லேசா இருமினாக்கூட இந்தாளுக்கு இன்னா கோளாறுன்னு தெரியும். பொண்டாட்டி மனசுல இன்னா கீதுன்னு மட்டும் இருவத்திரண்டு வருசமாத் தெரியாது.”

“நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா சுயம்பு?”

“அது சொல்றது கரெக்டுதான் டாக்டர்.”

“கேட்டீங்களா? இதுக்கும் கோவம் வராது. கல்லு.”

கல்லுக்கு எப்படிப் பிரஷர் வந்தது என்று அவள் யோசித்ததில்லை. கோபம் என்றால் கத்துவதுதான் என்று அவளுக்குத் தெரியும். கத்தாதவனுக்குக் கோபம் இல்லை, அவ்வளவுதான்.

டாக்டர் முதலில் வரலட்சுமியின் கையில் பட்டையைச் சுற்றினார். துணைக்கு வருபவருக்கும் பார்ப்பது தன் வழக்கம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். “எனக்கு எதுக்கு? நான் இரும்பு,” என்று எப்போதும்போல முனகிக்கொண்டே அவள் கையை நீட்டினாள். அடுத்து சுயம்பு. பாதரசம் இறங்குவதைப் பார்த்த டாக்டர் மறுபடி காற்றடித்தார். இன்னொரு முறையும்.

“இன்னா டாக்டர்?” வரலட்சுமியின் குரல் தணிந்துவிட்டது.

“கொஞ்சம் இருக்கு. ஏலத்துக்கு இப்ப போக வேண்டாம். உங்க சத்து மாத்திரையையும் விட்டுடாதீங்க. வெளியே கவுன்ட்டர்ல வாங்கிக்கங்க.”

அவள் எழுந்தாள். கதவருகே போய்த் திரும்பி, “யோவ், பயப்படாத. நான் கீறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு மூடியதும் சுயம்பு நாற்காலியின் நுனிக்கு வந்தான். “அதுக்கு எவ்ளோ கீது டாக்டர்?”

“நூத்தி முப்பது. முதல் நாள் உங்க சம்சாரத்துக்கு நூத்தித் தொண்ணூறு இருந்தது. அவங்ககிட்ட உண்மையைச் சொன்னா மாத்திரையைக் கடல்ல வீசிட்டு ஏலத்துக்குப் போயிடுவாங்க, எனக்குத்தான் பிரஷர்னு சொல்லுங்கன்னு நீங்க கேட்டப்ப நான் பயந்துகிட்டேதான் ஒத்துக்கிட்டேன். சத்து மாத்திரைன்னு அவங்களுக்குக் குடுத்த பிரஷர் மாத்திரையும், உப்பில்லாத சாப்பாடும் வேலை செஞ்சிருக்கு.”

சுயம்பு அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான்.

“சிரிக்காதீங்க. உங்களுக்கு நூத்தி எழுபத்தஞ்சு. மூணு தடவை பார்த்துட்டேன். கருவாடா, இல்ல மூணு மாசமா வாயைத் திறக்காம முழுங்கினீங்களே, அதுவா, தெரியலை. இப்ப உங்களுக்கு நிஜமாவே பிரஷர்.”

சுயம்பு கதவைத் திரும்பிப் பார்த்தான்.

“நல்லதாப் போச்சு டாக்டர்,” என்றான். “இனிமே அதுகிட்டப் பொய் சொல்ல வேணாம்.”