காதில் வைத்த பஞ்சு

டொக்... டொக்...

இரும்புக் கடைக்காரர் பேரத்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். கடைக்கு மேல்மாடிதான் அவர் வீடு. கால் முறிந்து, கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் மனைவி அங்கே ஒட்டடைக் கம்பால் சீலிங்கை இடிக்கிறாள்.

இடித்ததும் அதற்கும் மேல்மாடியில் பாட்டு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, இன்னும் கூடியது. ராகம் பாடும் வித்வானின் ‘ஆ...’ தெருமுனை வரை போனது.

“பாத்தீங்களா அக்கிரமத்தை! இடிச்சா, சத்தத்தைக் கூட்டுறான்!”

“உங்க சம்சாரம் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?” என்றார் பூட்டு வாங்க வந்தவர்.

“அவளா? கேட்டா, ‘ஒட்டடை அடிச்சேங்க’ங்கிறா. படுக்கையில கிடந்துக்கிட்டு எவளாவது ஒட்டடை அடிப்பாளா? மேல் வீட்டுக்காரன் மனசு நோகக் கூடாதாம். நமக்கு அந்த வியாதி கிடையாது. பூட்டு விலை அதேதான். யோசிச்சுக்கிட்டு இருங்க, வர்றேன்.”

கடைத்தெருவில் அவர் பெயரே கறார். பேசிப் படியவைக்காமல் எந்த இடத்தை விட்டும் எழுந்த ஆள் இல்லை. இரண்டிரண்டு படியாக ஏறினார்.

மேல் வீட்டில் வாட்ச் ரிப்பேர்காரர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு கடிகாரம் வயிறு திறந்து கிடந்தது. இரண்டு காதிலும் பஞ்சு.

“யோவ், வாட்ச்காரரே!”

அந்தக் குரலுக்குப் பஞ்செல்லாம் ஒரு தடையா?

“வாங்க முதலாளி.”

“கீழ ஒருத்தி தூங்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அவ ரூம்ல இருந்த ரேடியோவையே நான் தூக்கிட்டேன். நீங்க என்னடான்னா கச்சேரி நடத்துறீங்க! சரி, சண்டை வேணாம். பேசித் தீர்த்துக்குவோம். சாயங்காலம் வைங்க.”

“மத்தியானம்தான் வைக்கணும்.”

“மத்தியானமே வைங்க. ஜன்னலைச் சாத்திக்கங்க.”

“அது திறந்துதான் இருக்கணும்.”

“சினிமாப் பாட்டு வைங்களேன், பொசுக்குனு முடிஞ்சிடும். இந்த ஆளு ஒரே ‘ஆ’வை மணிக்கணக்கா இழுக்குறாரு!”

“இழுக்கணும் முதலாளி. நடுவுல விட்டுப்போகக் கூடாது.”

கறார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு இறங்கி வந்து அவர் யாரிடமும் பேசியதில்லை.

“இதுதான் கடைசி. நல்ல ஹெட்போனா நானே வாங்கித் தர்றேன். மாட்டிக்கிட்டு நாள் பூரா கேளுங்க.”

“அதுல எனக்கு மட்டும்தானே கேக்கும்?”

கறாருக்குச் சுர்ரென்று ஏறியது.

“உனக்குக் கேக்குதாய்யா? காதுல என்ன அது?”

“பஞ்சு. எனக்குப் பாட்டு ஆகாது. பாட்டு ஓடினா கை நிக்காது, வேலை பாக்க முடியாது.”

“நீயும் கேக்க மாட்டே, வேலையும் பாக்க மாட்டே, அடுத்தவ உயிரை மட்டும் எடுப்பே!”

காலுக்கடியில் டொக்கென்று ஒரு இடி. தரை அதிர்ந்தது. வாட்ச்காரர் எழுந்து போய் டேப் ரிக்கார்டரின் சத்தத்தை இன்னும் கூட்டினார், அவர் கண்ணெதிரிலேயே!

கறார் பாய்ந்தார். அந்த மனிதர் காதில் இருந்த பஞ்சைப் பிடுங்கினார். பிளக்கையும் பிடுங்கி எறிந்தார்.

“இனிமே இந்தக் கட்டடத்துல ஒரு ‘ஆ’ கேக்கக் கூடாது!”

வித்வான் பாதி ராகத்தில் நின்றார்.

டொக் டொக் டொக் டொக்.

“அதான் நிறுத்தியாச்சே!” கறார் தரையைப் பார்த்துக் கத்தினார்.

இடி நிற்கவில்லை. வேகம்தான் கூடியது.

“என்னய்யா இது? நிறுத்தின பிறகும் எதுக்கு இடிக்கிறா?”

வாட்ச்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பிளக்கைத் தேடி எடுத்தார். “சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்களே போய்ப் பாருங்க.”

பாதிப் படி இறங்கியிருப்பார். ‘ஆ...’ என்று மறுபடியும் கேட்டது.

‘திரும்பப் போட்டுட்டானா!’ மேலே ஏறத் திரும்பியவர் அப்படியே நின்றார்.

மேலே ஒரு சத்தமும் இல்லை. அந்த ‘ஆ’ கீழே இருந்து வந்தது. அவர் வீட்டிலிருந்து.

கதவைத் தள்ளினார். மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு, போர்வையைப் பல்லில் கடித்துக் கிடந்தாள். முகமெல்லாம் வியர்வை. கை மட்டும் கம்பை விடவில்லை. காலடிச் சத்தம் கேட்டதும் போர்வையைத் துப்பினாள்.

“ஏண்ணே நிறுத்தினீங்க? மருந்து வேகம் விட்டுப்போற நேரம்னு தெரியாதா? நான் கத்துறது அந்த மனுசன் காதுல விழுந்தா, கடையை இழுத்து மூடிட்டு வந்து உக்காந்துக்குவாரு. ராத்திரி பகலா ஓடி உண்டாக்கின கடைண்ணே. சீக்கிரம் போடுங்கண்ணே!”

கறார் கிட்டே போனார். அவள் கையிலிருந்து கம்பை வாங்கினார். சீலிங்கை ஓங்கி இடித்தார். காரை உதிர்ந்து தலையில் விழுந்தது. இன்னொரு முறை இடித்தார்.

மேலே வித்வான் விட்ட இடத்திலிருந்து முழுக் குரலில் எழுந்தார்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“நீங்களா! ஐயோ, கடை?”

“திறந்துதான் கிடக்கு.”

பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் அந்தப் பஞ்சு அப்படியே இருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அதைத் தன் இரண்டு காதிலும் திணித்துக்கொண்டார்.

“ம், நீ கத்து. எனக்கு எதுவும் கேக்காது.”