வீட்டு வண்டிக்கு ஒரு லைசென்ஸ்

மூன்றாவது தடவையும் ஆபீசர் ஃபெயில்.

கதவைத் திறந்த மனைவிக்கு அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நேத்துப் பிறந்தது. அது எனக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தருது."

'அது' என்றால், லைசென்ஸ் ஆபீசில் வண்டி ஓட்டச் சொல்லித் தேர்வு வைக்கும் பெண். இருபத்தெட்டு வயதிருக்கும். ரிட்டயர் ஆகும்வரை ஆபீசர் உட்கார்ந்திருந்த நாற்காலி இப்போது அவளுடையது. ஆனால் அதில் அவள் உட்காருவதே இல்லையாம். அதுதான் ஆபீசரின் முதல் புகார். ஒவ்வொரு வண்டியிலும் ஏறி, பக்கத்து சீட்டில் அமர்ந்து, மெயின் ரோடு வரைக்கும் கூடவே வருகிறாளாம்.

"இந்தத் தடவை என்ன தப்பாம்?" என்றாள் மனைவி.

"பின்னாடி எடுக்கும்போது ஒரு டிரம் சாஞ்சிடுச்சு. வெறும் டிரம்தானேம்மான்னேன். 'டிரம்மா இருந்ததாலதான் சார் நீங்க இப்ப வீட்டுக்குப் போறீங்க'ங்கறா."

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வினை வாசலில் நின்றிருந்தது. ரிட்டயர் ஆன கையோடு அவர் வாங்கிய வீட்டு வண்டி. பஸ் நீளம். உள்ளே நாலு படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. கார் லைசென்ஸே போதும் என்று நினைத்துத்தான் வாங்கினார். அந்த எடைக்கு, லாரிக்காரர்களுக்குத் தருகிற ஹெவி லைசென்ஸ் வேண்டும் என்பது, ஊருக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தவருக்குத் தெரியவில்லை. ஊருக்குக் குறி சொல்லிவிட்டுக் கழனிப்பானையில் துள்ளி விழுந்த பல்லியின் ஞாபகம் வந்தது அவளுக்கு. சொல்லவில்லை. சொன்னால் பயணமே நின்றுபோகும்.

"ரிட்டயர் ஆகட்டும், கடல் பார்க்கப் போகலாம்" என்ற ஒரே பேச்சை நம்பி முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் அவள். லீவுக்கு மகளும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளோடு வந்து நாலு நாளாகிவிட்டது. இன்னும் ஆறே நாள்தான். குழந்தைகள் வாசலில் நிற்கும் வண்டியிலேயே படுத்து எழுந்து, "பாட்டி, கடல் வந்துடுச்சா?" என்று கேட்டன. ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டில் ஆபீசர் மாப்பிள்ளையிடம் தன் காலத்தை விரித்தார். இருபத்தேழு வருஷத்தில் அவர் கையால் ஒருத்தன்கூட ஃபெயில் ஆனதில்லை. மதியத்துக்குள் அறுபது பேருக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதற்காக யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. அது நிஜம்தான், மனைவிக்கே தெரியும்.

"பொழைக்க வந்தவன் வயித்துல அடிக்கலாமா, மாப்பிள்ளை? மனசு வேணும். அந்தப் பொண்ணுக்கு அது கிடையாது. பாதிப் பேரைத் திருப்பி அனுப்புது."

சாப்பிட்ட கை காய்வதற்குள் அவளைப் பற்றி மேலிடத்துக்கு இரண்டு பக்கம் புகார் எழுதினார்.

மாப்பிள்ளை மெதுவாக ஒரு வழி சொன்னார். ஹெவி லைசென்ஸ் உள்ள டிரைவரை ஆறு நாளைக்கு வைத்துக்கொண்டால் என்ன? தன் வண்டியை இன்னொருத்தன் ஓட்டுவதா என்று ஆபீசர் முறுக்கிக்கொண்டார். வேலையில் இருந்தவரைக்கும் அவர் போன வண்டியை ஆபீஸ் டிரைவர்தான் ஓட்டினார் என்பதை மனைவி நினைவுபடுத்தினாள். முறுக்கு தளர்ந்தது. லைசென்ஸைத் தான் பார்த்த பிறகுதான் வண்டி நகரும் என்று மட்டும் நிபந்தனை போட்டார்.

காலையில் டிரைவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பெட்டிகள் ஏறின. குழந்தைகள் ஏறின. மனைவி ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். இனி யார் சொன்னாலும் இறங்குவதாக இல்லை.

ஆபீசர் வெளியே வந்ததும் டிரைவர் ஓடிவந்து கும்பிட்டார்.

"ஐயா, உங்க வீடா இது? என்னைத் தெரியலையா? இருந்தாலும் எப்படித் தெரியும், ஆயிரம் பேர்ல ஒருத்தன்." சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "நீங்க போட்டுக் கொடுத்ததுங்கய்யா. பதினெட்டு வருஷமா இதுலதான் எங்க வீட்ல அடுப்பு எரியுது."

ஆபீசருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளை கேட்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, உற்சாகமாகக் கேட்டார். "அன்னிக்கு எப்படி, நல்லா ஓட்டினியா?"

"எங்கய்யா ஓட்டினேன்? வண்டிய ஸ்டார்ட் பண்ணேன். நீங்க ரூம்ல இருந்தே போதும் போன்னுட்டீங்க. சத்தியமாச் சொல்றேன், அன்னிக்கு எனக்கு ஓட்டவே தெரியாது." டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் ரோட்லதாங்கய்யா கொஞ்சங் கொஞ்சமாக் கத்துக்கிட்டேன். தெய்வம்யா நீங்க."

ஆபீசர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்து அவருடையதுதான். சந்தேகமே இல்லை.

அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். சின்னப் பேத்தியைத் தூக்கிக் கீழே இறக்கினார். பிறகு பெரியவனை.

"ஏங்க, என்னாச்சு?" என்றாள் மனைவி.

அவர் கீழே இறங்கினார். மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். அது அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு நேர் கீழே.

"மாப்பிள்ளை, அந்தப் பொண்ணுகிட்ட பாஸானவன் எவனாவது இருந்தா கூட்டிட்டு வாங்க."