திரையில் நிற்கும் விஜயகுமாரி

ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனம் தொழிற்சாலையின் கூரையோரக் கருவிகளில் காய்ந்து உதிர்கிறது. தொழிலாளர்களின் கழுத்தட்டை அனுப்பும் ரேடியோத் துடிப்பு வந்துசேரும் நேரத்தை வைத்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவைதாம் கணிக்கின்றன. பூஜைக்காக நிறுத்தித் துடைத்தவர்கள், மறுபடி இயக்கும்போது அவற்றின் கடிகாரங்களை ஒன்றோடொன்று பொருத்தவில்லை. நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலே திரையில் ஆள் ஓர் அடி தள்ளித் தெரிவாள். சாருலதாவுக்கு அது தெரியும். கருவிகளை அமைத்த பொறியாளர் அவள்தான். "இன்னாம்மா விஜயகுமாரி, காலைலேந்து ரெஸ்ட் ரூம்லயே குந்திகினு கீற?" சூப்பர்வைசர் வெங்கடேசன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறான். "நல்லா கீதே சார்! உங்க எதுருலதான நிக்கிறேன்?" "சிஸ்டம் பொய் சொல்லுமா? இது மூணாவது மெமோ. நாளைலேந்து வராத." சாருலதா குறுக்கிடுகிறாள். "கடிகாரம் ஒத்துப்போகல சார். லைனை அரைமணி நிறுத்தினா சரி பண்ணிடலாம்." "நிறுத்தலாமே. மேனேஜர்கிட்ட நீங்களே சொல்றீங்களா மேடம்?" சாருலதாவின் வேலை ஒப்பந்தமும் இந்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டியவர் அதே மேனேஜர்; அவள் தரையைப் பார்க்கிறாள். விஜயகுமாரி கழுத்தட்டையைக் கழற்றி சாருலதாவின் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டுகிறாள். அட்டையில் வியர்வையின் சூடு இன்னும் ஆறவில்லை. திரையில் அந்தப் பச்சைப் புள்ளி கழிவறையை விட்டு அசையவில்லை. "பாத்தீங்களா மேடம்," வெங்கடேசன் சிரிக்கிறான், "இன்னும் உள்ளதான் கீறா."