தேங்க் யூ, சார்

வாரம் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டு, அதில் கேட்ட ஒரு வாக்கியத்தை வகுப்பில் சொல்ல வேண்டும். மந்தைவெளி நோரா டீச்சரின் சட்டம் அது.

மனைவி அல்போன்சா இறந்த பின் வகுப்பில் சேர்ந்த பியூன் மரியதாஸ் எழுந்தான்.

"படத்துல டாக்டர் வெளிய வந்து ஒருத்தனோட தோளைத் தட்டி, 'வீ டிட் ஆல் வீ குட்'னாரு. அவன் அழுதுட்டான். ஏன் டீச்சர்?"

"'எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம், பிழைக்கலை'ன்னு அர்த்தம். சரி, நான்தான் டாக்டர். பதில் சொல்லுங்க."

ஆபீசில் துரைகளிடம் சொல்லிப் பழகியது தானாக வாயில் வந்தது.

"தேங்க் யூ, சார்."

வகுப்பே சிரித்தது.

"சாவுச் சேதிக்கு யாராவது தேங்க் யூ சொல்வாங்களா?"

"நான் சொன்னேன் டீச்சர்," என்றான் மரியதாஸ். "டாக்டர் துரை தோளைத் தட்டினதும், அல்போன்சாவுக்குக் குணமாயிடுச்சுன்னு ஆரஞ்சு வாங்க ஓடினேன்."