கிரீடம் எனக்குத்தான்

புது நாடகத்தில் ராணி வேஷம் சின்ன நடிகைக்குப் போய்விடுமோ என்று பெரிய நடிகைக்கு வயிறு எரிந்தது. இயக்குநரிடமே மல்லுக்கு நின்றாள்.

"கிரீடம் எனக்குத்தான். இல்லேன்னா ஆளை விடுங்க!"

"அக்காவே வச்சுக்கட்டும் சார். எனக்குத் தோழி வேஷம் போதும்" என்றாள், கதையை முந்தின நாளே வாங்கிப் படித்திருந்த சின்னவள்.

'பிழைக்கத் தெரியாதவள்!' பெரியவள் பூரிப்போடு, கதையைப் புரட்டாமலே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒத்திகையில் விஷயம் தெரிந்தபோது சுவரொட்டியே ஒட்டியாகிவிட்டது.

அரங்கேற்றத்தில், முதல் காட்சியிலேயே ராணி விஷம் குடித்துச் செத்தாள். மீதி இரண்டு மணி நேரமும் பிணத்தருகே உட்கார்ந்து தோழிதான் பேசினாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

கண்மூடிக் கிடந்தவளுக்கு நெஞ்சு பொருமி ஏறி இறங்கியது. சின்னவள் கதறியபடி அவள்மேல் விழுந்து காதோடு சொன்னாள்:

"மூச்சை அடக்குங்கக்கா... கிரீடம் ஆடுது!"