சுற்றாமல் விட்ட கம்பம்

பனிக்காலம் முடிந்ததும், பனிச்சறுக்குப் பந்தயத்துக்காக மலைச்சரிவில் நட்டிருந்த கம்பங்களையெல்லாம் பிடுங்கி ஒரு கொட்டகையில் சாய்த்து வைத்தார்கள். அங்கே சிவப்புக் கம்பத்துக்கு வாய் ஓயவில்லை.

"சறுக்கு வீராங்கனை ஊர்சுலா ஓய்வு பெற்றுவிட்டாளாமே! அவள் முதல் தங்கம் வாங்கிய அன்றைக்கு என்னைச் சுற்றித் திரும்பும்போது கையால் அடித்துச் சாய்த்துவிட்டுத்தான் போனாள். உலகக் கோப்பை ஜெயித்த அன்றைக்கும் நான்தான் அடி வாங்கினேன். அடேயப்பா, என்ன வேகம்! நான் நிமிர்வதற்குள் அடிவாரத்துக்குப் போய்விடுவாள்."

பக்கத்தில் இருந்த நீலக் கம்பத்தை அது இளக்காரமாகப் பார்த்தது. "உன்னை எப்போதாவது அடித்திருக்கிறாளா?"

"இல்லை. ஒரு தடவை வந்த வேகத்தில் என்னைச் சுற்றாமலே தாண்டிப் போய்விட்டாள்."

"ஐயோ பாவம்! ஒரு கம்பத்தை விட்டாலும் ஓட்டம் செல்லாதே."

"அது அவளுக்குத் தெரியாதா? சட்டென்று நின்றாள். காலில் மாட்டிய நீளப் பலகைகளோடு, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக, என்னையே பார்த்தபடி மேலே ஏறி வந்தாள். இனி ஜெயிக்க வழியே இல்லை. கூட்டம்கூட எழுந்து டீ குடிக்கப் போய்விட்டது. அவள் என்னைச் சுற்றித் திரும்பி, தங்கம் கீழே காத்திருக்கிற மாதிரி குனிந்து பாய்ந்தாள்."

"எத்தனையாவதாக வந்தாள்?"

"கடைசி."

சிவப்புக் கம்பம் மெதுவாகக் கேட்டது:

"அவள் முகம் எப்படி இருக்கும்?"